திண்ணைப் பேச்சு: கேள்வித்தாளோடு வரும் பிள்ளைகள்



எங்கள் படூர்ப் பக்கம் வாசலில் வந்து நிற்கிறவர்களில் இப்போது ஒரு புது வரவு சேர்ந்திருக்கிறது. கீரைக்காரம்மா, சிலிண்டர்காரர், சீட்டுப் பணம் வசூலிக்க வருகிறவர் இவர்களோடு, கழுத்தில் அடையாள அட்டையும் கையில் கேள்வித்தாளுமாக வரும் மாணவ மாணவிகள்! பழைய மகாபலிபுரம் ரோடு நெடுகக் காலேஜ்கள் ஆயிற்றே. டாக்டருக்குப் படிக்கிறவர்கள், நர்சுக்குப் படிக்கிறவர்கள், சமூக சேவை படிக்கிறவர்கள் என்று ஏதாவது ஒரு கூட்டம் ஏதாவது ஒரு தெருவில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். எம்.பி.பி.எஸ். பிள்ளைகள் முதல் வருஷத்திலிருந்தே கிராமத்தில் சில குடும்பங்களைத் தத்து எடுத்த மாதிரி எடுத்துக்கொண்டு, விடாமல் போய்ப் பார்த்து வர வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் ஏற்பாடு செய்ததிலிருந்து இந்த நடமாட்டம் இன்னும் அதிகம்.

முன்பு சர்க்கரை இருக்கா, பி.பி. இருக்கா, தண்ணீர் காய்ச்சிக் குடிக்கிறீர்களா என்பதோடு சரி. இப்போது மனசைப் பற்றியும் கேட்கிறார்கள். நல்ல விஷயம்தான். உடம்புக்கு வந்தால் ஊரே விசாரிக்கிறது. மனசுக்கு வந்தால் வீட்டில் இருப்பவர்களே விசாரிப்பதில்லை. ஆனால் கேட்கிற விதம் என்று ஒன்று இருக்கிறதல்லவா? அதைப் பற்றித்தான் இந்தத் தடவை பேசலாம் என்று நினைக்கிறேன்.

கொஞ்ச நாள் முன்பு எங்கள் தெருவுக்கு ஒரு கோஷ்டி வந்தது. எந்தக் காலேஜ் என்பது முக்கியமில்லை. காலை ஒன்பது மணி. அடுப்பில் குழம்பு, வாசலில் பள்ளிக்கூட வேன், தண்ணீர் விடும் நேரம். கேட்டுக்கு வெளியே நின்றபடியே ஒரு பையன் உரக்கக் கேட்டான்: "உங்க வீட்டுல மனநோயாளி யாராவது இருக்காங்களா?"

என்ன பதில் வரும்? "இல்லப்பா" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். அடுத்த வீட்டிலும் "இல்லை." எதிர் வீட்டிலும் "இல்லை." தெரு முழுவதும் "இல்லை" என்று எழுதிக்கொண்டு அரை மணியில் வேலையை முடித்துவிட்டார்கள். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கும் விளக்கு எரிகிற வீடு எங்கள் தெருவில் உண்டு. பிள்ளை பெற்று மூன்று மாசமாகியும் குழந்தையை எடுத்துக் கொஞ்சாத பெண் உண்டு. வாய்க்குள்ளேயே யாரோடோ பேசிக்கொண்டு மாடி அறையை விட்டு இறங்காத வாலிபன் உண்டு. எந்த வீடு, யார் என்று நான் எழுதப் போவதில்லை. அவர்கள் யாருமே அந்தக் காகிதத்தில் ஏறவில்லை என்பதுதான் என் விசனம்.

அந்தப் பிள்ளைகளைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கேட்கத் தெரியவில்லை, கேட்கக் கற்றுக்கொடுக்காமல் அனுப்பிவிட்டார்கள். ஊசி போடுவதை முதலில் பொம்மையில் பழக்கிவிட்டுத்தானே மனுஷர் கையில் போடச் சொல்கிறார்கள்? மனசைப் பற்றிக் கேட்பதற்கும் அப்படி ஒரு பழக்கம் வேண்டாமா?

"ஒரு காலேஜ் கணக்குதானே, தப்பாக எழுதினால் என்ன குடி முழுகிவிடும்?" என்று கேட்கலாம். முழுகத்தான் செய்யும். 'இல்லை' என்று எழுதிய ஊருக்கு டாக்டர் வரமாட்டார், மாத்திரையும் வராது. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-ல் தமிழ்நாடு உள்பட 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வு நடத்தியது. பெரியவர்களில் மட்டும் ஏறக்குறைய 34,800 பேரைக் கண்டு பேசினார்கள். ஏறத்தாழ பத்துப் பேரில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனக்கோளாறு இருந்தது. அப்படி இருந்தவர்களில், நோயைப் பொறுத்து, நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை எந்த வைத்தியமும் பெறவில்லை. இதைக் கண்டுபிடித்துச் சொன்னதே பழக்கப்பட்ட ஆட்கள் உட்கார்ந்து, நிதானமாகக் கேட்டதால்தான்.

இன்னொரு உதாரணம் நம் வேலூர்ப் பக்கத்திலேயே இருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, கணியம்பாடி வட்டாரத்துக் கிராமங்களில் பல வருஷமாகச் சுகாதார வேலை செய்து வருகிறது. அங்கே ஒவ்வொரு ஊரிலும் சுகாதாரப் பணியாளர் அந்த ஊர்ப் பெண்ணேதான். ஒரு சாவு விழுந்தால், அவர் போய் துக்கம் விசாரித்து, எப்படி நடந்தது என்று வீட்டாரிடம் பக்குவமாகக் கேட்டு வருவார். பிறகு மேலே உள்ளவர்கள் அதைச் சரிபார்ப்பார்கள். இப்படி 1994 முதல் 1999 வரை எடுத்த கணக்கில், வருஷத்துக்கு ஒரு லட்சம் பேரில் சுமார் 95 பேர் தாங்களாகவே உயிரை விட்டிருந்தார்கள். அதே சமயத்தில் நாடு முழுவதற்குமான சர்க்கார் கணக்கு லட்சத்துக்குச் சுமார் 11. ஒரு வட்டாரத்தையும் நாட்டையும் அப்படியே தட்டில் வைத்து நிறுக்க முடியாதுதான். ஆனாலும் இத்தனை வித்தியாசம் எங்கிருந்து வந்தது? போலீசுக்குப் பயந்து 'வயிற்று வலி' என்றும் 'தவறி விழுந்தாள்' என்றும் சொல்லி மூடி மறைக்கும் வீட்டில், கூடவே வாழ்கிற ஊர்ப்பெண் கேட்டால்தான் உண்மை வெளியே வரும்.

அதே கணியம்பாடியில் இன்னொரு ஆராய்ச்சி, 2002-ல் வெளியானது. பெண்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது. நிறைமாதக் கர்ப்பிணிகளாக இருந்த 359 பேரைப் பார்த்து, பிரசவமாகி ஒன்றரை மாதத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் திரும்பவும் போய்ப் பார்த்தார்கள். நூற்றுக்கு 11 பேருக்குப் பிரசவத்துக்குப் பிறகு புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. காரணங்களைக் கேளுங்கள்: வீட்டில் வரும்படி குறைவு, ஆண் குழந்தை எதிர்பார்த்து பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றவர்களோடும் மனஸ்தாபம், கூடமாட ஒத்தாசைக்கு ஆள் இல்லாதது. இவை எந்த ரத்தப் பரிசோதனையிலும் தெரியாது. கேட்டால்தான் தெரியும். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது கேட்டால் அதுவும் தெரியாது!

ஆகவே, இந்தப் பிள்ளைகளுக்கு என்னென்ன கற்றுக்கொடுத்து அனுப்ப வேண்டும்? படித்தும் விசாரித்தும் அறிந்ததோடு, வீட்டுக்குள்ளே இருந்து பார்க்கிறவளாக எனக்குத் தோன்றுவதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலாவது, வார்த்தை. நம் பெண்கள் யாராவது "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? "நெஞ்சு அடைக்குது", "தலை பாரமா இருக்கு", "வயித்தைப் பிசையுது", "கை காலெல்லாம் அசதி", "எதுலயும் பிடிப்பில்ல", "யோசனை ஜாஸ்தியாயிடுச்சு" என்றுதான் சொல்வார்கள். 'மனநோய்' என்றதும் அவர்கள் மனசில் கீழ்ப்பாக்கம்தான் வந்து நிற்கும். அந்த ஊர்ப் பெயரையே நாம் வசவாக்கி வைத்திருக்கிறோமே!

கேள்வித்தாள்களோ பெரும்பாலும் வெளிநாட்டில் பிறந்தவை. பிள்ளை பெற்றவர்களின் மனசை அறிய எடின்பரோவில் 1987-ல் தயாரித்த பத்துக் கேள்விகள் உலகம் பூராவும் வழக்கத்தில் இருக்கின்றன. அதில் ஒரு கேள்வியை அப்படியே வார்த்தைக்கு வார்த்தை மாற்றினால் 'காரியங்கள் என் மேல் ஏறிக்கொள்கின்றன' என்கிற மாதிரி வரும். யாருக்குப் புரியும்? "எல்லாம் தலைக்கு மேல போயிடுச்சு, சமாளிக்க முடியல" என்றால் சட்டென்று தலையாட்டுவார்கள். அதனால்தான் தமிழில் போட்ட பிறகு, நம் பெண்களிடம் அது சரியாக வேலை செய்கிறதா என்று பரீட்சித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. வேலூரில் அப்படிப் பரீட்சித்து 2005-ல் வெளியிட்டார்கள்.

ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே தேசத்தில் இதைவிட அழகாகச் செய்தார்கள். அங்கே ஷோனா பாஷை பேசுகிறவர்கள் மனசு நொந்து போவதை 'குஃபுங்கிசிசா' என்பார்கள். அதற்கு 'அளவுக்கு மீறி யோசிப்பது' என்று அர்த்தமாம். நம் "யோசனை ஜாஸ்தி"தான், பாருங்கள்! ஊர் ஜனங்கள் சொல்லும் அந்த மாதிரி வார்த்தைகளையே சேகரித்து 14 கேள்விகள் தயாரித்து 1997-ல் வெளியிட்டார்கள். பிறகு டாக்டர் டிக்சன் சிபாண்டா என்பவர் 2006-ல் ஹராரே நகரத்தில் ஊர்ப் பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆஸ்பத்திரி வளாகத்தில் ஒரு மர பெஞ்சில் உட்கார வைத்தார். கஷ்டப்படுகிறவர்கள் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து மனசை இறக்கி வைக்கிறார்கள். 'நட்பு பெஞ்சு' என்று இன்று பல தேசங்களுக்கு அது போயிருக்கிறது. நம் திண்ணைக்கு அக்கா முறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, நேரமும் இடமும். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல், பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு வரச் சொல்லுங்கள். பெண்ணிடம் பேச ஒரு பெண் வரட்டும். நாலு பேர் நடுவில் கேட்காமல், தனியாக உட்கார்ந்து கேட்கட்டும். "மாமி, உங்களுக்கு பி.பி. பார்க்கட்டுமா?" என்று ஒருத்தி மாமியாரை இந்தப் பக்கம் அழைத்துக்கொண்டால், இன்னொருத்தி மருமகளிடம் அந்தப் பக்கம் பேசலாம். இந்த உபாயம் புஸ்தகத்தில் இருக்குமோ என்னமோ, நம் வீடுகளுக்கு இது வேணும்.

மூன்றாவது, சம்மதம். எதற்காகக் கேட்கிறோம், இதை வைத்து என்ன செய்வோம் என்று முதலில் விளக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்லவும், பாதியில் நிறுத்தவும் நமக்கு உரிமை உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ல் வெளியிட்ட நெறிமுறைகளே இதைச் சொல்கின்றன. விளக்கம் சொல்லாமல் "இங்க ஒரு கையெழுத்து போடுங்கம்மா" என்றால் போட வேண்டியதில்லை.

நான்காவது, ரகசியம். கேட்டது அவர்களோடு இருக்க வேண்டும். காகிதத்தில் பேருக்குப் பதில் ஒரு நம்பர் போட்டுக்கொள்வார்கள். நல்ல வழக்கம். ஆனால் பஸ்ஸில் போகும்போது "அந்தப் பச்சை கேட்டு வீட்டு ஆன்ட்டி என்ன சொன்னாங்க தெரியுமா?" என்று சிரித்துப் பேசினால் நம்பர் போட்டு என்ன பிரயோஜனம்? கல்யாணத்துக்குப் பெண் இருக்கும் வீட்டில் ஒரு வார்த்தை வெளியே போனால் சம்பந்தமே நின்றுவிடும். மனநோய் உள்ளவரின் விவரத்தைக் காப்பது, 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டத்திலேயே உரிமையாக எழுதப்பட்டிருக்கிறது.

ஐந்தாவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். யாராவது "இருந்து என்ன செய்ய, போய்ச் சேர்ந்துட்டா தேவலை" என்று சொன்னால், அந்தக் கட்டத்தில் ஒரு டிக் அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போகக்கூடாது. பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்க வேண்டும். "அந்த நினைப்பு அடிக்கடி வருதா அக்கா?" என்று நேராகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது, பாரம்தான் குறையும் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். தனியாக விட்டுவிட்டு வராமல், வாத்தியாருக்கு உடனே தகவல் சொல்லி, டாக்டரிடம் கொண்டு சேர்க்கிற வரைக்கும் அந்தப் பிள்ளையின் பொறுப்பு முடியவில்லை. மத்திய சர்க்கார் 2022-ல் தொடங்கிய டெலி-மானஸ் 14416 என்ற நம்பரில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. கேள்வித்தாளோடு இந்த நம்பரையும் ஒரு சீட்டில் எழுதி வீட்டுக்கு வீடு கொடுத்துவிட்டு வந்தால் என்ன?

ஆறாவது, திரும்பி வருவது. கேட்டுக்கொண்டு போகிறவர்கள் போனவர்கள்தான். என்ன கண்டார்கள் என்று ஊருக்கு யார் வந்து சொன்னார்கள்? ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று கிராம சபை கூடுகிறதே, அங்கே வந்து பேர் சொல்லாமல், "இந்த ஊரில் இத்தனை பேருக்குத் தூக்கமில்லை, இத்தனை பேருக்கு வைத்தியம் வேணும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்த மாத்திரை வேணும்" என்று சொல்லட்டும். அப்போதுதான் அது நம் ஊர் ஆராய்ச்சி.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று மலைக்க வேண்டாம். எங்கள் வட்டாரத்திலேயே நடந்திருக்கிறது. இந்தியாவின் முதல் பெண் மனநல டாக்டர் என்ற பெருமைக்குரிய சாரதா மேனன் அம்மையார் 1961-ல் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்குத் தலைவரானார். ஓய்வு பெற்ற பிறகும் ஓயாமல், 1984-ல் சென்னையில் 'ஸ்கார்ஃப்' என்ற ஸ்கிசோஃப்ரினியா ஆராய்ச்சி நிறுவனத்தை ஆரம்பித்தார். 1992-ல் பத்மபூஷண் பெற்று, 98 வயது வரை வாழ்ந்து 2021 டிசம்பரில் மறைந்தார். அந்த ஸ்கார்ஃப், 1980-களின் கடைசியிலேயே எங்கள் திருப்போரூர் பக்கத்துக் கிராமங்களுக்கு வந்து, உள்ளூர் ஆட்களுக்கே பயிற்சி கொடுத்து, வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த நோயாளிகளைக் கண்டறிந்து வைத்தியத்துக்குக் கொண்டுவந்தது.

படூரிலிருந்து கேளம்பாக்கம் போய்க் கிழக்கே திரும்பி, உப்பளங்களைத் தாண்டினால் கோவளம். அங்கே 'பேனியன்' அமைப்பு வேலை செய்கிறது. 1993-ல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற இரண்டு இளம் பெண்கள், தெருவில் திக்கற்றுத் திரிந்த மனநோயாளிப் பெண்களுக்காகச் சென்னையில் தொடங்கியது அது. மனநல வேலைக்கு ஆட்களைத் தயார் செய்வதற்கென்றே 2007-ல் ஒரு கல்வி நிலையமும் ஏற்படுத்தி, டாடா சமூக அறிவியல் நிறுவனத்தோடு சேர்ந்து முதுகலைப் படிப்பும் நடத்தினார்கள். மேல்படிப்புக்காரர்களோடு நிற்காமல், ஊர்ப் பெண்களையும் மனநலப் பணியாளர்களாகப் பழக்கியதுதான் எனக்குப் பிடித்த அம்சம். பக்கத்துத் தெருப் பெண் வந்து கேட்டால் கதவு தானாகத் திறக்கிறது.

நல்லபடியாகக் கேட்கிற பிள்ளைகளையும் நான் பார்த்தேன், அதையும் சொல்லிவிட வேண்டும். வேறொரு நாள் ஒரு பெண், கிராம சுகாதார நர்சம்மாவோடு வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாள். தண்ணீர் வாங்கிக் குடித்தாள். பக்கத்து வீட்டுப் பாட்டியிடம், "ஆயா, ராத்திரி தூக்கம் எப்படி?" என்றாள்.

"தூக்கமா? அது எங்க கண்ணு வருது? அவரு போனதிலேருந்து கோழி கூவுற வரைக்கும் கொட்ட கொட்ட முழிச்சிக்கினு கெடக்கறேன்."

"பசி?"

"புள்ளைங்க திட்டுமேன்னு ரெண்டு வாய் துன்றேன்."

அந்தப் பெண் அவசரப்படவில்லை. 'மனநோய்' என்ற வார்த்தையை எடுக்கவும் இல்லை. பாட்டி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டபோது சும்மா பக்கத்தில் இருந்தாள். அடுத்த வாரம் பாட்டியைக் கூட்டிக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டினார்கள். இப்போது பாட்டி விடியற்காலையில் கோலம் போடுகிறாள். கேள்வி ஒன்றுதான், கேட்ட விதம்தான் வேறு.

ஒன்று சொல்ல விட்டுப் போச்சே! இத்தனை துக்கத்தையும் கேட்டுவிட்டு ஹாஸ்டலுக்குப் போகிற பிள்ளைகள் பதினெட்டு, இருபது வயதுக் குழந்தைகள். அவர்கள் மனசையும் சாயங்காலம் யாராவது கேட்க வேண்டும். அதுவும் பயிற்சியில் ஒரு பாகம்தான்.

நம் பங்குக்கு நாம் என்ன செய்யலாம்? வந்தால் கதவைச் சாத்தாதீர்கள். அடையாள அட்டையைப் பாருங்கள். எந்தக் காலேஜ், யார் வாத்தியார், எதற்காக என்று கேளுங்கள். ஆதார் நம்பர், பேங்க் கணக்கு கேட்டால் கொடுக்காதீர்கள். ஆராய்ச்சிக்கு அவை தேவையில்லை. நேரம் சரியில்லை என்றால் "மத்தியானம் வா கண்ணு" என்று சொல்லுங்கள். புரியாத வார்த்தையில் கேட்டால், "எங்க ஊருல இதை இப்படிச் சொல்லுவோம்" என்று சொல்லிக்கொடுங்கள். டாக்டர் படிப்பை அவர்கள் காலேஜில் படிக்கட்டும். இந்தப் பாடத்துக்கு வாத்தியார் நாம்தான்.

அதற்கு ஆரம்பமாக எனக்கு ஓர் ஆசை. உங்கள் ஊரில் மனசு சரியில்லாததை என்ன வார்த்தையில் சொல்வார்கள்? மதுரைப் பக்கம் ஒரு மாதிரி, கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு மாதிரி, நாகர்கோவில் பக்கம் வேறு மாதிரி இருக்குமே. ஒரு கார்டில் எழுதி இந்தப் பத்திரிகை விலாசத்துக்குப் போடுங்கள். சேர்த்து வைத்து, அடுத்த முறை என் வாசலுக்கு வரும் பிள்ளைகளின் கையில் கொடுக்கிறேன். அந்தக் கேள்வித்தாளில் நம் வார்த்தையும் ஏறட்டும்!